பஞ்சாயத்தில் பெண்களுக்கு நாற்காலி எங்கே?

"பஞ்சாயத்து"ன்னு சொன்னதும் நம் எல்லோர் மனதிலும் ஓடுவது ஒரே சீன்தான். ஆலமரம், பித்தளைச் சொம்பு, முறுக்கு மீசை. கூட்டத்தில் பெண்களும் இருப்பார்கள், அழுதுகொண்டோ தலைகுனிந்துகொண்டோ. தீர்ப்பு சொல்லும் இடத்தில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். சினிமாதானே, விடுங்க என்கிறீர்களா? உலகத்தில் நடந்த நிஜமான சமாதானப் பேச்சுவார்த்தைகளின் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். மீசை குறைந்திருக்கும், கோட்டு சூட்டு கூடியிருக்கும். மற்றபடி பெரும்பாலும் அதே சீன்தான்.

ஏன் இப்படின்னு கேட்டால் பதிலுக்குப் பாராட்டு வரும். "பெண்கள் இயல்பிலேயே பொறுமைசாலிகள், தாயுள்ளம் கொண்டவர்கள், அவங்க இருந்தாலே அமைதிதான்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் என்னைப் பொறுத்தவரை இது ஒரு பொறி. இயல்பாகவே வருகிற விஷயம் என்றால் அதற்குத் திறமை வேண்டாம், உழைப்பு வேண்டாம், மேசையில் நாற்காலியும் வேண்டாம். வாழ்த்திவிட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம். அதுவும் போக, அது உண்மையும் இல்லை. துப்பாக்கி ஏந்திய பெண்களைத் தமிழர்களாகிய நாம் பார்க்காததா? சமாதானம் என்பது பெண்களின் குணம் இல்லை. அது ஒரு வேலை. அதைத் திட்டம் போட்டுச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் தொடங்கி, நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, 2003 வரை நீண்ட உள்நாட்டுப் போர். சிறுவர்கள் கையிலும் துப்பாக்கி. அந்த நேரத்தில் லேமா போவீ என்ற சமூகப் பணியாளரும் அவருடன் சேர்ந்த பெண்களும் என்ன செய்தார்கள்? வெள்ளிக்கிழமை மசூதி, சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று கிழமை பிரித்துப் போய் ஆள் திரட்டினார்கள். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே வெள்ளை உடையில், தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தைப் பக்கத்து மைதானத்தில் தினமும் உட்கார்ந்தார்கள். ஏன் அந்த மைதானம்? அதிபர் சார்லஸ் டெய்லரின் கார் போகிற வழி அது. அவர் பார்க்காமல் போக முடியாது. இடத்தேர்விலேயே மூளை தெரிகிறதா?

பேச்சுவார்த்தை கானாவில் தொடங்கியதும் அங்கேயும் போனார்கள். அங்கு அகதிகளாக இருந்த லைபீரியப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வாரங்கள் ஓடின. மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருக்க, பிரதிநிதிகள் ஹோட்டலில் பதவிப் பங்கீடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 21 அன்று பெண்கள் அரங்கத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒழுங்காகப் பேசாமல் வெளியே போக முடியாது! கைது செய்யக் காவலர்கள் வந்தபோது, ஆடையைக் களைந்துவிடுவேன் என்றார் போவீ. ஒரு தாய் தன் ஆடையைத் தானே களைவது பார்க்கும் ஆண்களுக்குச் சாபம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். நான்கே வாரத்தில், ஆகஸ்ட் 18 அன்று, ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெண்கள் மட்டும்தான் போரை நிறுத்தினார்கள் என்று சொல்லவில்லை. கிளர்ச்சிப் படைகளின் நெருக்கடி, டெய்லர் மேல் வந்த போர்க்குற்ற வழக்கு, அண்டை நாடுகளின் அழுத்தம் எல்லாமே இருந்தது. ஆனால் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு டெட்லைன் வைத்தது இந்தப் பெண்கள்தான். அவர்கள் அதோடு வீட்டுக்குப் போகவும் இல்லை. 2005 தேர்தலுக்கு வாக்காளர்களைப் பதிவு செய்ய வைப்பதில் இறங்கினார்கள். அந்தத் தேர்தலில்தான் எலன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்காவில் தேர்தல் மூலம் அதிபரான முதல் பெண் ஆனார். 2011-ல் அவருக்கும் போவீக்கும் ஏமனின் தவக்குல் கர்மானுக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

சரி, வாசலில் உட்காராமல் மேசையிலேயே உட்கார்ந்தால்? வட அயர்லாந்தில் அதுவும் நடந்தது. 1996-ல், தேர்தலில் ஜெயிக்கும் முதல் பத்துக் கட்சிகளுக்குப் பேச்சுவார்த்தையில் இடம் என்று விதி வந்தது. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பெண்கள் சேர்ந்து சில வாரங்களில் ஒரு கட்சியையே தொடங்கினார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1 சதவீத ஓட்டுதான். ஆனால் இரண்டு இடம் கிடைத்துவிட்டது. அவர்கள் பேச எழுந்தால் சில ஆண் உறுப்பினர்கள் மாடு மாதிரி கத்திக் கேலி செய்தார்கள். இருந்தும் 1998 ஒப்பந்தத்தில், போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி, இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் போன்றவை இடம்பெற உழைத்தவர்கள் அவர்கள். மற்றவர்கள் அதிகாரத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசியபோது, நாளைக்கு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதையும் பேச வைத்தார்கள்.

பெண்களுக்கு மேசையில் இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு சபையே 2000-ல் 1325-ஆம் தீர்மானம் போட்டுவிட்டது. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே என்ன நடந்தது? இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் பெண்களுக்கென்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. அடுத்த மாதமே பெரிய மேசையில் பேச்சு நின்றது, இதுவும் அதோடு போச்சு. பெண்கள் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பக்கத்து அறையில் போட்ட நாற்காலி, பெரிய மேசை கவிழும்போது ஒன்றுக்கும் உதவாது என்பது மட்டும் தெரிகிறது.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். எந்தக் காலேஜிலும் இரண்டு டிபார்ட்மென்ட் பசங்க அடித்துக்கொண்டால் எச்.ஓ.டி ரூமில் பஞ்சாயத்துக்குக் கூப்பிடப்படுவது யார்? சிம்போசியம் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிறுத்தப்படுவது யார்? சண்டையால் லேப் நின்று, கல்ச்சுரல்ஸ் கேன்சல் ஆனால் நஷ்டம் எல்லோருக்கும்தானே? அப்புறம் சமாதானம் மட்டும் ஏன் பாதிப் பேரோடு பேசப்படுகிறது?

அடுத்த தடவை அப்படி ஒரு கமிட்டி போடும்போது, "பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்று ஒருத்தர் அக்கறையாகச் சொல்வார். அப்போது சும்மா இருக்காதீர்கள். வம்பு ஏற்கெனவே எங்களுக்கும் வந்தாச்சு, நாற்காலிதான் இன்னும் வரலைன்னு சொல்லுங்க.