அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அன்றாட வாழ்க்கைக்கு அது பொருந்தலாம். போலீஸ் விசாரணைக்குப் பொருந்தாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1990-ல் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்ட இரண்டு இளைஞர்களின் கதை இதற்குச் சாட்சி.

முதலாமவர் மார்ட்டி டாங்க்லெஃப். 1988 செப்டம்பரில் ஒரு காலை, லாங் ஐலண்டில் உள்ள தன் வீட்டில் தாய் இறந்துகிடப்பதையும் தந்தை குற்றுயிராய்க் கிடப்பதையும் கண்டு அவசர உதவிக்கு போன் செய்தார். வயது 17. பெற்றோரைப் பறிகொடுத்த பையன் இவ்வளவு நிதானமாக இருப்பானா என்பதுதான் போலீஸாரின் முதல் சந்தேகம். தந்தைக்கு நினைவு திரும்பிவிட்டது, தாக்கியது நீதான் என்று சொல்கிறார் என ஒரு டிடெக்டிவ் புளுகினார். இப்படிப் பொய் சொல்ல அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. உண்மையில் தந்தை நினைவு திரும்பாமலே சில வாரங்களில் இறந்தார்.

அப்பா பொய் சொல்லமாட்டாரே என்று குழம்பிய பையன், தன்னையறியாமல் தானே செய்துவிட்டோமோ என்று யோசிக்க ஆரம்பித்தார். போலீஸார் அதையே வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை, மறுத்தும்விட்டார். ஆனாலும் குறைந்தது 50 ஆண்டு சிறை என்று தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டாமவர் ஜெஃப்ரி டெஸ்கோவிக். 1989-ல் பீக்ஸ்கில் நகரில் உடன் படித்த மாணவி கொலையுண்டபோது இவருக்கு வயது 16. இவர் மீது சந்தேகம் விழுந்த காரணம் நேர்மாறானது. இவர் அளவுக்கு மீறி அழுதார்! பாலிகிராஃப் கருவி சகிதம் பல மணி நேரம் விசாரித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட பையன் கடைசியில் மேஜைக்கு அடியில் சுருண்டு கிடந்து விம்மினார். சடலத்தில் கிடைத்த விந்து இவருடையது அல்ல என்று டி.என்.ஏ. சோதனை வழக்கு விசாரணைக்கு முன்பே சொல்லிவிட்டது. ஜூரிகளோ வாக்குமூலத்தையே நம்பினார்கள்.

2006-ல் அந்த டி.என்.ஏ. வேறொரு கைதியுடையது என்று தெரியவந்தது. டெஸ்கோவிக் சிறையில் இருந்த காலத்தில் இன்னொரு பெண்ணைக் கொன்றுவிட்டு உள்ளே வந்தவன் அவன். தப்புக் கணக்குக்கு அந்தப் பெண்ணும் பலி. டெஸ்கோவிக் 2006-லும் டாங்க்லெஃப் 2007-லும் வெளியே வந்தார்கள். இருவரும் பிறகு சட்டம் படித்து வக்கீல்கள் ஆனார்கள்.

கோளாறு எங்கே? முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியும் என்ற நம்பிக்கையில். 24,000-க்கும் அதிகமானோரை வைத்து நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட முடிவு: 100-க்கு 54 தடவைதான் மனிதர்கள் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும். உடல்மொழியைப் படிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடுகிறது, திறமை கூடுவதில்லை என்பது சால் காசின் என்ற உளவியலாளரின் ஆய்வில் தெரிந்தது. சந்தேகம் விழுந்துவிட்டால் எல்லாமே தடயம்தான். நிமிர்ந்து பார்த்தால் திமிர், தலைகுனிந்தால் குற்ற உணர்வு.

நம் நாட்டில் போலீஸாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாகக் கொள்ள முடியாது. 1872-ம் ஆண்டுச் சட்டம் போட்ட இந்த வேலி, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் நீடிக்கிறது. காவல் நிலையங்களில் குரலும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவிட்டது. இவை விசாரணை அறைக்குள் நடப்பதற்குக் கடிவாளம். யாரை உள்ளே அழைப்பது என்று முடிவு செய்யும் அந்த முதல் பார்வைக்கு எந்தச் சட்டமும் கடிவாளம் போடுவதில்லை.

டி.வி.யில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கண்ணீரில்லாமல் பேசினால் ‘கல்லுளிமங்கி’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சாவு வீட்டில் பித்துப் பிடித்தாற்போல் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து நம் கிராமத்துக் கிழவிகள் சந்தேகப்பட்டதில்லை. ‘அவளை எப்படியாவது அழவையுங்கடி, நெஞ்சு வெடிச்சிடும்’ என்றுதான் பதறினார்கள்.