சட்டமும் நாமும்: ஊத மறுத்தால் தப்பலாமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவர் விஷயத்தில், நம் குடும்பங்களில் இரண்டு யோசனைகள் தாராளமாக வழங்கப்படுகின்றன. ஒன்று, “கருவியில் ஊத மறுத்துவிடு, அத்தாட்சி இராது” என்பது. மற்றொன்று, “கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடு; அன்றோடு போயிற்று” என்பது. பாஷை பழகாத ஊரில், நள்ளிரவில், துணையின்றிப் போலீஸ் நிலையத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டுமே கெடுதல் செய்யும்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, ஓட்டுபவரது இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பது குற்றம். “நிதானமாகத்தானே ஓட்டினேன்” என்பது இதற்குப் பதிலாகாது. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிறை இரண்டு வருஷம் வரை நீளும், அபராதமும் 15,000 ரூபாயாகும். 2019-இல் சட்டம் திருத்தப்படுமுன் முதல் அபராதம் 2,000 ரூபாய்க்கு மேற்படவில்லை. அந்தப் பழங்கணக்கையே இன்றும் சொல்லித் திரிவோர் உண்டு. சம்பவ இடத்திலேயே அதிகாரியிடம் தொகை கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் வரிசையில் இது சேராது. கோர்ட்டுக்குப் போயே தீரவேண்டும். ஆகவே தெருவில் பணம் கேட்பவரிடம் கொடுத்தால் வழக்கு முடிந்ததாகாது.

இனி, ஊத மறுப்பது. சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருக்கையில் மறுப்பவரை வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். தக்க காரணமின்றி மறுத்தது வழக்கில் போலீஸ் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாகக் கருதப்படலாம் என்று 205-ஆவது பிரிவு சொல்கிறது. அத்தாட்சியைத் தவிர்க்கப் போய் அத்தாட்சி கொடுத்ததாக முடியும்!

உண்மையான எதிர்வாதம் சோதனை சரியாக நடந்ததா என்பதில்தான் இருக்கிறது. கருவியில் ஊதியபின் அச்சாகி வரும் சீட்டைப் பார்த்து, தேதி, நேரம், அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். சற்றுமுன் மது கலந்த இருமல் மருந்தோ, வாய் கொப்பளிக்கும் திரவமோ உபயோகித்திருந்தால் உடனே தெரிவிக்கவேண்டும். வாயில் தங்கிய மது சிறிது நேரம் அளவைக் கூட்டிக் காட்டும். கருவியின் அளவில் ஐயமிருப்பவர், இரத்தப் பரிசோதனை வேண்டுமென்று தாமே கேட்பது நல்லது. இக்குற்றத்துக்காக வாரண்டின்றிக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்கவேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்கவேண்டும் என்பது 202-ஆவது பிரிவு. கைதான நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துவைப்பது அதனால்தான் முக்கியம். இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். உறவினருக்குத் தகவல் தரும்படி கேட்கும் உரிமையும் உண்டு. வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதிய காகிதத்தை யாராவது படித்துச் சொன்னபிறகே கையெழுத்திடலாம்.

1971-இல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட், மது நாற்றம், தள்ளாட்டம், குழறிய பேச்சு ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு செய்ய மறுத்தது. வக்கீல்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இது கைகொடுக்காது. 2007-இல் டில்லி இந்தியா கேட் அருகே விபத்துக்குள்ளான ஒரு விலையுயர்ந்த காரின் வழக்கில் எந்தச் சோதனையும் நடக்கவில்லை. எனினும் மற்றச் சூழ்நிலைகளை வைத்தே, நஷ்ட ஈடு தர மறுத்த கம்பெனியின் பக்கம் 2021-இல் அதே கோர்ட் தீர்ப்பளித்தது.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதிலும் பேதைமை இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பானால், கோர்ட் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஓட்டும் உரிமையை நிறுத்தவேண்டும் என்று 20-ஆவது பிரிவு விதிக்கிறது. டாக்ஸி ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு 10,000 ரூபாயைவிட இந்த ஆறு மாதமே பெரிய தண்டனை. பின்னொரு நாள் மீண்டும் அகப்பட்டால் அது இரண்டாம் குற்றமாகும். போலீஸார் லைசென்ஸைப் பறிமுதல் செய்து கொடுக்கும் தாற்காலிகச் சீட்டும், 2019 திருத்தத்துக்குப் பின், வண்டி ஓட்ட அனுமதியாகாது. மதுரையில் வாங்கிய லைசென்ஸ் தேசமெங்கும் செல்லும்; வழக்கோ பிடிபட்ட ஊரில்தான் நடக்கும். ஒப்புக்கொள்வதா வழக்காடுவதா என்பதை வக்கீலிடம் காகிதங்களைக் காட்டியபின் தீர்மானிக்கலாம்.

உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டால் இந்த வாதங்களெல்லாம் சிறுத்துப்போகும். 2006 நவம்பரில் பம்பாய் பாந்திரா கார்ட்டர் ரோடில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவர் கார் ஏறி மாண்டனர். ஓட்டியவர் குடித்திருந்தார். மூன்று வருஷச் சிறையை 2012-இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அவ்வகைக் குற்றம் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 105-ஆவது பிரிவில் வருகிறது. பத்து வருஷம் வரை சிறை கிடைக்கலாம்.

இன்னொன்று, வீட்டுப் பெரியவர்களுக்கு. இக்குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு. பிள்ளை குடித்திருப்பது தெரிந்தே கார்ச் சாவியை எடுத்துக் கொடுக்கும் தகப்பனாரையும் அது தொடக்கூடும்.