வர்ணம் தீராது, வண்ணம் தீரும்

கேரள உயர்கல்வித் துறையின் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களிலிருந்து திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காக இந்த மடல். கோரிக்கை ஒன்றுதான். ஓவியமும் சிற்பமும் படிக்க வரும் ஏழை மாணவர்களுக்கு வண்ணமும் கான்வாஸும் பிளாஸ்டரும் வாங்கத் தனி உதவித்தொகை வேண்டும். அதுவும் முதல் பருவம் தொடங்கும்போதே வேண்டும். அரசுக் கல்லூரிக் கட்டணம் பெரும் சுமையல்ல. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை இருக்கிறது. ஆனால் நான்காண்டு பி.எஃப்.ஏ. படிப்பின் பெரிய செலவு கட்டண ரசீதில் ஏறுவதே இல்லை.

பாறசாலை பி. பொன்னம்மாள் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. 2006இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடி, பெண்களுக்கு அடைத்திருந்த கதவைத் திறந்தவர். கலைக்கல்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் இசைக்கும் ஓவியத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு: ஒரு வர்ணத்தை நூறு முறை பாடினாலும் அது தீர்ந்துபோவதில்லை. ஒரு முகத்தை நூறு முறை தீட்டினால் வண்ணம் தீர்ந்துவிடும். களிமண்ணையாவது நனைத்துப் பிசைந்து மறுபடி எடுக்கலாம், வார்ப்புக்குக் கலக்கிய பிளாஸ்டர் இறுகினால் இறுகியதுதான். காவி மலிவு, காட்மியம் சிவப்பு அதைப்போலப் பல மடங்கு விலை. கையில் காசில்லாத மாணவர் குழாயின் வாலைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கி, சிவப்பைத் தொட்டும் தொடாமலும் வைப்பார். மதிப்பெண் போடும்போது அது துணிவின்மையாகத் தெரியும், வறுமையாகத் தெரியாது. ஓவியர் ரவிவர்மாவுக்கே திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாளின் அரண்மனை வேண்டியிருந்தது. ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் அவருக்கு எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தார், நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். குரு மறுத்த வித்தைக்குச் சீடர் கிடைத்தார். புரவலர் இல்லாமல் போயிருந்தால் அந்த வித்தையைப் பழக வண்ணம் ஏது?

உதவித்தொகைகள்தாம் ஏற்கெனவே இருக்கின்றனவே என்பீர்கள். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பிளஸ் டூவில் முதல் இருபது விழுக்காட்டுக்குள் வந்தவர்களே விண்ணப்பிக்கலாம். நுண்கலைக் கல்லூரியோ தனி நுழைவுத் தேர்வு வைத்துக் கையின் திறமையையும் பார்க்கிறது. வரையத் தெரிந்தவரைச் சேர்த்துக்கொண்டு, பணம் தரும்போது மட்டும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கேட்பது என்ன நியாயம்? இளம் கலைஞர்களுக்கான மத்திய உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய். கலைப்பொருள் செலவையும் அது கணக்கில் சேர்க்கிறது. ஆனால் நாடு முழுவதற்கும், எல்லாக் கலைகளுக்குமாக ஆண்டுக்கு 400 பேருக்குத்தான். தமிழ்நாட்டின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டங்கள் அங்கே பள்ளி படித்தவர்களுக்கு. எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஆயிரம் ரூபாய், இப்பால் இஞ்சிவிளையில் படித்த பிள்ளைக்கு இல்லை. அதைக் குறை சொல்ல முடியாது. அது அவர்கள் வரிப்பணம். எங்கள் பிள்ளைகள் உங்கள் பொறுப்பு.

கலை சோறு போடுமா என்ற கேள்வி வரும். செங்கல் என்ற ஊரின் மகேஸ்வரம் கோயிலில் 111 அடிக்கு மேல் நிற்கும் சிவலிங்கத்தை யாரோ கூலி வாங்கித்தான் வடித்தார்கள். எல்லை தாண்டினால், கல்சிற்ப ஊரான மயிலாடியில் உளிதான் உலை வைக்கிறது. கஜானா காலி என்பதும் எடுபடாது. திருவனந்தபுரம், மாவேலிக்கரை, திருச்சூர் என மூன்று அரசு நுண்கலைக் கல்லூரிகளில் ஓராண்டில் சேர்வோரைக் கூட்டினாலும் ஒரு பெரிய பொறியியல் கல்லூரியின் சேர்க்கைக்கு வராது. பணமாகக் கொடுத்தால் வேறு செலவுக்குப் போகும் என்ற அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. அப்படியானால் கல்லூரியிலேயே ஒரு பண்டகசாலை வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளாகவே கொடுங்கள்.

விண்ணப்பப் படிவம் தமிழிலும் வேண்டும் என்பதைச் சலுகையாகக் கேட்கவில்லை. கேரளத் தமிழர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்தது. இந்த மடலும் அந்த வழியில்தான் வருகிறது; பதிலையும் தமிழில் எதிர்பார்க்கிறோம், அடுத்த நுழைவுத் தேர்வு அறிவிப்பு வெளியாகும் முன்பாக.

மரியாதையுடன்,
எல்லைக் கிராமத் தமிழர் ஒருவர்