புது டயர் முன்னாலா, பின்னாலா?

காரின் முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. நாலையும் மாற்றக் கையில் காசில்லை. இரண்டு போதும் என்று ஒருவர் டயர் கடைக்குப் போகிறார். கடைக்காரர் எதுவும் கேட்பதில்லை. முன்பக்கம் ஜாக்கி வைக்கிறார், பழசைக் கழற்றுகிறார், புதுசை மாட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. வண்டிக்காரருக்கும் பரம திருப்தி. "இழுக்கிறது முன்சக்கரம், திருப்புறது முன்சக்கரம், பிரேக்குல பெரும்பங்கு முன்சக்கரம். புதுசு அங்கதானே இருக்கணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு! இரண்டே டயர் வாங்கினால் புதுசு பின்னால்தான் போக வேண்டும். பின்னால் இருந்த பாதி தேய்ந்த ஜோடி முன்னால் வர வேண்டும். மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன் போன்ற டயர் கம்பெனிகளே பல வருடங்களாக இதைத்தான் சொல்கின்றன. முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் சரி, பின்சக்கரம் தள்ளும் வண்டியானாலும் சரி, விதி ஒன்றுதான்.

ஏன்? மழையை நினைத்துப் பாருங்கள். புது கார் டயரில் பட்டனின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அந்த டயர் காருக்கு ஆகாது என்பது இந்தியாவில் சட்டம். பட்டனுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக இல்லை. டயருக்கும் ரோட்டுக்கும் இடையில் சிக்கும் தண்ணீர் வெளியேறத்தான் அவை. பள்ளம் ஆழமில்லை என்றால் வேகத்தில் தண்ணீர் போக வழியின்றி டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். ஆக, கேள்வி இதுதான்: நாலில் எந்த ஜோடி முதலில் மிதந்தால் பிழைக்கலாம்?

முன்ஜோடி மிதந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும். திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாது, நேராகப் போகப் பார்க்கும். பயம்தான். ஆனால் கைக்கு உடனே தெரிகிறது. பயத்தில் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விடும். வேகம் குறையும், எடை முன்னால் சாயும், பெரும்பாலும் பிடிமானம் திரும்பிவிடும்.

பின்ஜோடி மிதந்தால்? கைக்கு ஒரு தகவலும் வராது. வளைவில் வண்டியின் பின்பக்கம் திடீரென்று வெளியே வீசும். பயத்தில் கால் அதே வேலையைத்தான் செய்யும். இங்கே அதுவே எமன். காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் போய், பின்பக்கம் இன்னும் லேசாகி, இன்னும் வீசும். சமாளிக்க வேண்டுமானால் பின்பக்கம் வழுக்கும் திசையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், அதுவும் பதறாமல். பந்தய ஓட்டுநருக்கு அது பழக்கம். தீபாவளிக்கு மழையில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவருக்கு?

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்கள். தேய்ந்த டயரும் அப்படித்தான். முன்னால் இருந்தால் பல்லைக் காட்டிவிட்டுக் கடிக்கும். பின்னால் இருந்தால் உதை விழுந்த பிறகுதான் தெரியும்.

"முன்சக்கரம் தண்ணீரை ஒதுக்கிய தடத்தில்தானே பின்சக்கரம் வருது?" நேர் ரோட்டில் சரி. வளைவில் பின்சக்கரம் உள்பக்கமாக வேறு தடத்தில் வரும். அங்கே தண்ணீர் அப்படியே இருக்கும்.

"முன் டயர் வெடிச்சா?" வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஆனால் இழுக்கும் சக்கரம் கையிலிருக்கும் ஸ்டியரிங்கோடு சேர்ந்தது. பின் டயர் வெடித்தால் அதைப் பிடித்து நிறுத்தக் கையில் எதுவும் இல்லை.

"ஏபிஎஸ் இருக்கே?" 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் அது கட்டாயம். நல்லதுதான். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். இல்லாத பட்டனை அதால் முளைக்க வைக்க முடியாது.

ஒரே ஒரு கேள்விதான் நிஜமானது: "மொட்டையை முன்னால் போட்டா பிரேக் பிடிக்குமா?" பிடிக்காது. மிச்சமிருக்கும் ஜோடியும் மொட்டை என்றால் முன்னால் பின்னால் என்ற பேச்சே இல்லை, நாலும் மாற்ற வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியென்றால் கம்பெனி புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு நாலும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் கடைகளில் முன்னாலேயே மாட்டுகிறார்கள்? முன்னால் தேய்ந்தது, முன்னால் மாற்றினோம், அவ்வளவுதான். பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவர நாலு சக்கரத்தையும் கழற்ற வேண்டும். கூடுதல் வேலை, கூடுதல் கூலி. ஆயிரக்கணக்கில் டயருக்குக் கொடுப்பவர் அந்தச் சில்லறைக் கூலியில் கணக்குப் பார்ப்பது மகா அசட்டுத்தனம். பின் சீட்டில் உட்காருவது அவர் பிள்ளைகள்தான்.

நிரந்தரத் தீர்வு வேறு. 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வந்தால் நாலும் சேர்ந்தே தேயும், நாலையும் சேர்த்தே மாற்றலாம். அதைச் செய்யாதவர்கள் கடைக்காரர் ஜாக்கியைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும்:

"அண்ணே, புதுசு பின்னால."