ஊசிக்கும் ஊசிக்கும் இடையே

உடற்கட்டுக்காக ஸ்டீராய்டு எடுக்கும் இளைஞர்கள் அதைச் ‘சைக்கிள்’ என்கிறார்கள்: சில வாரங்கள் ஊசி, பிறகு இடைவெளி. அந்த இடைவெளியே அவர்களை அடிமையாக்குகிறது என்று கருதுகிறேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி சுரப்பி விந்தகங்களைத் தூண்டுவதைக் குறைத்துவிடுகிறது. ஊசியை நிறுத்தினாலும் இயற்கையான சுரப்பு மீளப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை தசை சுருங்கும், வலு குறையும், மனச்சோர்வும் சேரும். கண்ணாடியில் தெரியும் இழப்புக்கு அஞ்சியே பலர் மீண்டும் ஊசியை நாடுகின்றனர்.

2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் விளையாட்டு வீரர்களை மையமாகக் கொண்டது. போட்டிக்கே போகாத உடற்பயிற்சிக்கூட இளைஞர் அதன் பார்வையில் இல்லை. மருத்துவரின் பரிந்துரையின்றி இம்மருந்துகளை விற்கக் கூடாது என்ற விதியைக் கண்டிப்புடன் செயல்படுத்த வேண்டும். அத்துடன், நிறுத்த விரும்புவோர் கூச்சமின்றி அணுகக்கூடிய சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கிடைக்க வேண்டும். அது இல்லாதவரை, சுருங்கும் உடலுக்கு ஊசி விற்பவரே மருத்துவராக இருப்பார்.