மேடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் எவ்வளவு தூரம்?

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நினைவுச் சொற்பொழிவுகளுக்குக் குறைவிருக்காது. 6ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். 10ஆம் தேதி உலக மனித உரிமை நாள். அரங்கில் குத்துவிளக்கு எரியும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். ஒரு மணி நேரம் உரை நடக்கும், நன்றியுரையும் நாட்டுப்பண்ணும் முடிந்ததும் மாணவர்கள் கலைந்து போவார்கள்.

இந்தக் கூட்டங்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அண்ணலின் பெயர் ஒலிப்பதற்கே ஒரு தலைமுறை போராட வேண்டியிருந்தது. ஆனால் அரங்கில் பேசப்படும் உரிமை, பேருந்து ஏறிப் போனால் அடையக்கூடிய ஊர்களுக்கு ஏன் வந்து சேர்வதில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு டிசம்பரில் 26ஆம் தேதியும் இருக்கிறது.

2022 டிசம்பர் 26. அன்னவாசல் ஒன்றியம், முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயல். ஆதிதிராவிடர் குடியிருப்பில் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்புக்கு முடியாமல் போனது. தண்ணீர் மீது சந்தேகம் வந்தது. இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். குடிக்கிற தண்ணீரில் மலம் கிடந்தது. மறுநாள் அன்றைய ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் அங்கே போனபோது வேறு விஷயங்களும் வெளியே வந்தன. பக்கத்து இறையூரில் அய்யனார் கோயிலுக்குள் நம் மக்கள் போக முடியவில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. அதிகாரிகள் முன்னின்று மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். உள்ளே போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் அதற்கு முன் சொன்னதில்லை. ஆட்சியர் வந்து நின்றபோதுதான் கோயில் கதவு திறந்தது.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1950 முதல் நடைமுறையில் இருக்கும் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே, பொதுவானவற்றில் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதைத் தனிக் குற்றமாகவே அதன் 3ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படியும் செய்வார்கள் என்று தெரிந்துதான் சட்டம் எழுதியவர்கள் அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

சட்டம் இருந்தும் இது ஏன் நடந்தது என்பதற்கான பதில் ஒரு நினைவுச் சொற்பொழிவிலேயே இருக்கிறது.

1943 ஜனவரி 18. புனே நகரின் கோகலே நினைவு மண்டபம். நீதிபதியாகவும் சமூகச் சீர்திருத்தக்காரராகவும் இருந்து 1901இல் மறைந்த மகாதேவ கோவிந்த ரானடேயின் 101ஆவது பிறந்த நாள் விழா. தக்காண சபையின் அழைப்பை ஏற்று உரையாற்றியவர் அம்பேத்கர். வழக்கமான பேச்சாளராக இருந்தால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு இறங்கியிருப்பார். அண்ணல் அப்படிச் செய்யவில்லை. ரானடேயை எடைபோட்டார். அன்றைக்கு நாட்டை ஆட்டிப் படைத்த காந்தியையும் ஜின்னாவையும் அவரோடு நிறுத்தி ஒப்பிட்டார். தலைவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிடும் பழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். பத்திரிகைகள் அவர் மேல் பாய்ந்தன. பிறகு அந்த உரையைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

அந்த உரையின் சாரமான கருத்து ஒன்று நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். உரிமையைச் சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது, சமூகத்தின் மனச்சாட்சி அதற்குத் துணை நிற்க வேண்டும் என்றார். ஊரே சேர்ந்து ஓர் உரிமையை எதிர்த்தால் சட்டசபையும் நீதிமன்றமும் திகைத்து நிற்க வேண்டியதுதான் என்பது அவர் கருத்து. இதைப் புத்தகத்தில் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை. மகத்தில் பார்த்தார்.

பொதுநீர்நிலைகளைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு மகத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தீர்மானம் தாளில் இருந்தது, குளத்தில் இறங்கத்தான் முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அன்றே தாக்குதல் நடந்தது. பிறகு சாணமும் கோமியமும் கலந்த குடங்களை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை இழுத்து, 1937இல்தான் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்.

வேங்கைவயலுக்கு எத்தனை ஆண்டுகள்? வன்கொடுமை வழக்கில் 60 நாளுக்குள் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. இந்த வழக்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடிக்கு மாறியது. அதே ஆண்டு உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணனைக் கொண்டு ஒரு நபர் ஆணையம் அமைத்தது. மரபணுச் சோதனை, குரல் சோதனை என்று நாள்கள் ஓடின. 2025 ஜனவரி 20 அன்று, இரண்டு ஆண்டுகள் கடந்தபின், குற்றப்பத்திரிகை வந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பிறகு வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. வேங்கைவயல் மக்கள் இதை ஏற்கவில்லை. கட்சிகளும் இயக்கங்களும் மத்தியப் புலனாய்வு விசாரணை கேட்டன.

குற்றம் சாட்டப்பட்டவர் எவரானாலும், தீர்ப்பு வரும்வரை குற்றவாளி அல்லர். நீதிமன்றத்தில் தீர வேண்டியதை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் குற்றப்பத்திரிகையைக் காட்டி, 'சாதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது' என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. தொட்டியில் கலந்தது யார் என்பது ஒரு வழக்கு. இரட்டைக் குவளையும் பூட்டிய கோயிலும் அந்த வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. அவை அதிகாரிகளின் கண்முன்னே இருந்தன. வழக்கில் எந்தத் தீர்ப்பு வந்தாலும் அந்தக் குவளைகள் இல்லாமல் போய்விடாது.

சரி, இதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அறிவை வளர்ப்பதுதான் அதன் பணி, ஊர்ப் பிரச்சினையில் தலையிடுவது அல்ல என்பார்கள். யார் உள்ளே வரலாம் என்ற கேள்வியோடுதான் நம் ஊர்க் கல்லூரியின் வரலாறே நடந்திருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1907இல் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண், அதிலும் இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண், ஆண்களோடு உட்காரலாமா என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். அன்று அந்தக் கதவு திறந்ததால்தான் பின்னாளில் தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டசபையில் ஒரு குரல் எழுந்தது. 1991இல் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். படிப்பு அரங்கை விட்டு வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு முழுவதற்கும் காட்டிய மாவட்டம் இது.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. நம் மாவட்டக் கல்லூரிகள் பலவும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் மனித உரிமை நினைவுச் சொற்பொழிவை ஆண்டுக்கொரு முறையேனும் ஓர் ஊராட்சியில் நடத்தட்டும். உரை தமிழில் இருக்கட்டும். பேசுவதற்கு ஒரு மணி நேரம் என்றால், கேட்பவர்கள் கேள்வி கேட்கவும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். வன்கொடுமைச் சட்டப்படி மாவட்டத்தில் எத்தனை வழக்குகள் பதிவாயின, எத்தனையில் 60 நாளில் குற்றப்பத்திரிகை வந்தது, எத்தனை பேருக்கு நிவாரணம் கிடைத்தது என்ற கணக்கை மேடையில் வாசிக்கட்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவின் கூட்டங்களில் இந்தக் கணக்கெல்லாம் இருக்க வேண்டும்.

மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் நீங்களே கேட்கலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும். மகத் நாளுக்கு இரண்டு நாள் கழித்து வருவது அது. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். நம் தெருத் தொட்டியை எப்போது கழுவினார்கள், மூடி பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் தண்ணீர் விடும் நேரம் ஒன்றுதானா என்றும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிராமத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிக்கிற பிள்ளை இதையெல்லாம் கேட்டால், 'உனக்கெதுக்கு வம்பு' என்று அடக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நில்லுங்கள். இடைநிலைச் சாதிகளைச் சேர்ந்த மாணவ நண்பர்களுக்கு இன்னும் கூடுதலான வேலை இருக்கிறது. நம் தெருவில் வந்து ஆதரவு சொல்வதைவிட, உங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து குவளையைப் பற்றிக் கேட்பது கடினம். அண்ணல் சொன்ன மனச்சாட்சி அங்கேதான் உருவாக வேண்டும்.

இந்த டிசம்பரிலும் மேடைகள் போடப்படும். பேச வருகிறவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். ஐயா, அம்மா, உங்கள் உரையில் வேங்கைவயல் என்ற பெயரை ஒருமுறை சொல்லுங்கள். சென்ற ஆண்டு பேசியதற்கும் இந்த ஆண்டு பேசுவதற்கும் இடையில் அங்கே என்ன மாறியிருக்கிறது என்று கேட்டுவிட்டு உரையைத் தொடங்குங்கள்.