தங்கம் மருந்தான கதையும் தங்க பற்பம் விற்போரும்

மூட்டுவாதத்துக்குத் தங்கம் மருந்தென்பதை மேனாட்டார் நேற்றுத்தான் கண்டறிந்தனர், நம் சித்தர்களோ அன்றே உரைத்துவிட்டனர் என்றொரு பெருமைப் பேச்சு தமிழர் வாழும் நாடெங்கும் உலவுகிறது. இப்பேச்சின் நிழலில் ஒரு வணிகமும் செழிக்கிறது. ஆதலால் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

தங்கச் சேர்மங்கள் அழற்சியைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை நிலைநாட்டப்பட்ட விதம் என்ன? 1890இல் றொபேட் கொக், தங்க சயனைட்டு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதைக் கண்டார். மூட்டுவாதமும் காசநோயைப் போன்றதே எனக் கருதிய பிரெஞ்சு மருத்துவர் ஜாக் பொறெஸ்ரியே, 1929இல் தங்க உப்புகளால் நோயாளர் பயனடைந்ததாக அறிவித்தார். அவரது ஊகம் பிழை, மருந்தோ பலித்தது. அத்துடன் எவரும் திருப்தியடைந்துவிடவில்லை. 1960இல் பிரித்தானியாவில், யாருக்கு முழு அளவு, யாருக்குப் பெயரளவு என்பதை மறைத்து ஊசி ஏற்றிச் சோதித்த பின்னரே ஐயம் நீங்கியது. 1985இல் விழுங்கக்கூடிய ஒறானொபின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதேவேளை தோல் வெடிப்பு, சிறுநீரில் புரதம், குருதிக் கலங்களின் வீழ்ச்சி ஆகிய தீங்குகளும் ஒளிவுமறைவின்றிப் பதியப்பட்டன. மேலான மெதோட்றெக்சேற் வந்தபோது தங்கம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. தங்கமாயிற்றே என்று எவரும் தயவு காட்டவில்லை.

நம் பற்பங்களுக்கு இத்தகைய கணக்கு எங்கே? 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தது. அவற்றுள் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. புடமிட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்பர். நெருப்பு சேர்மத்தை மாற்றும், ஈயத்தை ஈயமல்லாததாக்காது. மாறிய சேர்மம் தீங்கற்றதெனில், அது எது, எவ்வளவு, யாருக்கு என்பதைக் காட்டுவது விற்பவரின் கடன்.

சித்த மருத்துவத்தை இகழ்வது என் நோக்கமன்று. அதனைச் சோதனைக்கு அப்பாற்பட்டதென்று காப்பவர்களே அதனை இகழ்கின்றனர். ஆய்வுக்கு அஞ்சாத மரபே மரபு. மற்றவர் பெற்ற சான்றைக் காட்டி நம் புட்டியை விற்பது மரபுப்பற்றன்று, களவு. அதன் விலையைச் செலுத்துவோர், வலி பொறுக்கமாட்டாமல் மருத்துவர் தந்த மாத்திரையைக் கைவிட்டு அப்புட்டியை நம்பும் நம் முதியோர். அவர்களின் மூட்டுகள் சிதைந்தபின் எந்தப் பெருமையும் அவற்றை நிமிர்த்தாது.